ஹைபிரிட் பைக் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

பழைய பெட்ரோல் பைக்கின் இன்ஜின் வழக்கம்போல் செயின் வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. முன்சக்கரத்தில் ஒரு ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே பொருத்திய மோட்டார். அதை ஓட்ட 16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) பேட்டரி, செல்களைக் காக்க ஆபத்தில் இணைப்பை வெட்டும் பிஎம்எஸ், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர், விளக்குகளுக்கு 12 வோல்ட்டாக இறக்கித் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர். வீட்டுப் பட்டறையில் கட்டக்கூடிய ஹைபிரிடுகளில் இதுதான் எளிமையானது; இரண்டு சக்திகளும் தரையில்தான் சந்திக்கின்றன, நடுவில் கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை. கீழே உள்ளதெல்லாம் இந்த அமைப்பை மனதில் வைத்து எழுதியது. நான் கட்டிய வண்டிகளிலும், நண்பர்கள் கட்டிக் கொண்டுவந்த வண்டிகளிலும் திரும்பத் திரும்ப வந்த பழுதுகள்தான் இவை. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு அதிகமானது கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது: மூன்று ஓட்டம்

ஹைபிரிடில் நேரம் வீணாவது ஒரே காரணத்தால்தான். பழுது மின்சாரப் பக்கமா, இன்ஜின் பக்கமா, இரண்டும் சேரும் இடத்திலா என்று தெரியாமலே ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம். அதனால் முதலில் பிரித்துப் பாருங்கள்.

1. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, மோட்டாரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.
2. மெயின் பிரேக்கரை (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, மோட்டாருக்குக் கன்ட்ரோலரிலிருந்து வரும் மூன்று தடித்த ஃபேஸ் வயர்களைக் கழற்றி, இன்ஜினில் மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.
3. எல்லாவற்றையும் மாட்டி, இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

முதல் ஓட்டத்திலேயே கோளாறு வந்தால் இன்ஜினை மறந்துவிடலாம். மூன்றாவதில் மட்டும் வந்தால் பழுது இணைப்பில் இருக்கிறது. கீழே இன்ஜினின் மின் இரைச்சல், அதிவேகம், 12 வோல்ட் பற்றிய பகுதிகளுக்கு நேராகப் போங்கள்.

இரண்டாவது ஓட்டத்தில் ஒரு எச்சரிக்கை. கழற்றிய மூன்று ஃபேஸ் முனைகளையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டுங்கள். சக்கரம் சுற்றும்போது அவற்றில் மின்சாரம் உண்டாகும். இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டால் மோட்டார் பிரேக் பிடித்ததுபோல் இறுகும். அது முன்சக்கரத்தில் நடந்தால் கீழே விழுவோம்.

## கை வைக்கும் முன்

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பேட்டரி கனெக்டரை மாட்டும்போது ஒரு பொறி பறக்கும், பக்கத்தில் திறந்த பெட்ரோலோ கார்பரேட்டர் கசிவோ இருக்கவே கூடாது. மெயின் பிரேக்கரை அணைத்த பிறகும் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு இடையே அளந்து 5 வோல்ட்டுக்குக் கீழ் வந்த பிறகுதான் தொட வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து மோட்டாரைச் சுற்றவிடும் சோதனை எல்லாவற்றுக்கும் முன்சக்கரம் தரையை விட்டு உறுதியாகத் தூக்கி நிற்க வேண்டும்.

## அறிகுறி: சாவி போட்டால் எதுவுமே இல்லை

பிரேக்கர், ஃபியூஸ் இரண்டையும் பார்த்துவிட்டீர்கள், சரியாக இருக்கின்றன என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். 16 செல் எல்எஃப்பி பேக் முழுச் சார்ஜில் 58.4 வோல்ட் வரை போகும். சற்று நேரம் விட்டால் 53, 54க்கு இறங்கி நிற்கும். 48 வோல்ட் காட்டினால் கிட்டத்தட்ட காலி.

பேக்கின் வெளியீட்டில் வோல்ட்டேஜ் இல்லை என்றால்: பிஎம்எஸ் வெட்டியிருக்கிறது. செல்கள் பக்கத்து முனையில் 50க்கு மேல் இருந்து, வெளி முனையில் ஒன்றுமில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். சார்ஜரை ஒரு நிமிடம் மாட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். மறுபடி வெட்டினால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஏதாவது ஒரு செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் அதோடு சார்ஜ் ஏற்றிப் பார்க்காதீர்கள். பேக் உப்பியிருந்தாலும், 2 வோல்ட்டுக்குக் கீழே செல் போயிருந்தாலும், பேக்கைப் பிரிக்க வேண்டிவந்தாலும் பேட்டரி கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கன்ட்ரோலர் வரை வோல்ட்டேஜ் வருகிறது, மெல்லிய சாவி வயரில் மட்டும் இல்லை என்றால்: சாவி சுவிட்சுதான். பைக்கின் பழைய சாவி 12 வோல்ட்டுக்குச் செய்தது. அதன் வழியாக 50 வோல்ட் டிசியை நேராக விட்டால், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் உள்ளே பொறி இழுத்து முனைகள் கருகும். முதல் சில மாதம் நன்றாக வேலை செய்வதால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. சாவியில் 12 வோல்ட் ரிலேயை இயக்கி, அந்த ரிலே பேட்டரி வோல்ட்டேஜைத் திறந்து மூடட்டும். ரிலேயின் முனைகள் அந்த அளவு டிசி வோல்ட்டேஜுக்கு ஏற்றவையா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: பல பைக்குகளில் சாவியை அணைத்தால் சிடிஐயிலிருந்து (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் பெட்டி) வரும் வயர் எர்த்தோடு சேரும், அதனால்தான் இன்ஜின் நிற்கிறது. வயரிங் செய்யும்போது அந்த வயரில் பேட்டரி வோல்ட்டேஜ் பட்டால் சிடிஐ போய்விடும். நிறத்தை நம்பாதீர்கள், அளந்து அடையாளம் வையுங்கள்.

## அறிகுறி: விளக்கு எரிகிறது, த்ராட்டிலைத் திருகினால் மோட்டார் அசையவில்லை

நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் காரணம் பிரேக் லீவர் சுவிட்சுதான். லீவர் முழுதாகத் திரும்பவில்லை என்றால் கன்ட்ரோலர் பிரேக் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். சுவிட்ச் கனெக்டரைக் கழற்றிவிட்டு, தூக்கிய சக்கரத்தில் சோதியுங்கள். சுற்றினால் சுவிட்சைச் சரிசெய்து மாட்டுங்கள். கழற்றிய நிலையில் சாலைக்குப் போகாதீர்கள். பிரேக் விளக்கு வயரில் வருவது 12 வோல்ட். எர்த்தை மட்டும் எதிர்பார்க்கும் கன்ட்ரோலர் முனையில் அதை மாட்டினால் கன்ட்ரோலர் கெட்டுவிடும்.

அடுத்து த்ராட்டில். மூன்று வயர் இருக்கும். சாவி போட்டு அளங்கள்:

- சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே சுமார் 5 வோல்ட் வர வேண்டும்.
- சிக்னல் வயரில் திருகாதபோது 0.8 முதல் 1 வோல்ட் வரை.
- முழுதாகத் திருகினால் 3.5க்கு மேல்.

திருகாமலே சிக்னல் அதிகமாக இருந்தால் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக ஓடவே மறுக்கும். திருகினாலும் சிக்னல் ஏறவில்லை என்றால் த்ராட்டிலை மாற்றுங்கள், விலை குறைந்த பொருள்தான். 5 வோல்ட்டே இல்லையா? உடனே கன்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள். மோட்டாரிலிருந்து வரும் ஹால் கனெக்டரை (சக்கரத்தின் நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் கனெக்டர்) கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். 5 வோல்ட் திரும்பி வந்தால், ஹால் வயர் எங்கோ, பெரும்பாலும் ஆக்சிலுக்குள் நுழையும் இடத்தில், நசுங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது. கழற்றியும் வரவில்லை என்றால்தான் கன்ட்ரோலர்.

## அறிகுறி: மோட்டார் உதறுகிறது, உறுமுகிறது, ஆனால் சுற்ற மாட்டேன் என்கிறது

கையால் தள்ளிவிட்டால் ஓடிவிடுகிறதா? அப்படியானால் ஹால் சென்சார் ஒன்று செத்திருக்கலாம், அல்லது ஒரு ஃபேஸ் வயர் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. முதலில் மூன்று ஃபேஸ் முனைகளையும் இழுத்துப் பாருங்கள், நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஹால் சோதனை. கனெக்டர் மாட்டியே இருக்கட்டும், பின்பக்கமாக முனையை நுழைத்து அளங்கள். சக்கரத்தை மிக மெதுவாகக் கையால் சுற்ற, மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே 0க்கும் 5க்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒரு வயர் மட்டும் அசையாமல் நின்றால் அதுதான் பழுது. பெரும்பாலான ஹப் மோட்டார்களில் மூன்றும் ஒரே நேரத்தில் 0 ஆகவோ, ஒரே நேரத்தில் 5 ஆகவோ வரக் கூடாது. வந்தால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

ஹால் சரி, புதிதாக மாட்டிய மோட்டார் என்றால் வயர் வரிசை தவறாக இருக்கும். நிறம் ஒத்துப்போனால் வரிசையும் ஒத்துப்போகும் என்பதில்லை. ஹாலை அப்படியே விட்டு, மூன்று ஃபேஸ் வயர்களையும் ஆறு விதமாக மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்துவிட்டு. த்ராட்டிலைத் துளியளவே திருகுங்கள். சத்தமில்லாமல் சுற்றி, வெறும் சக்கரத்துக்குக் கரன்ட்டும் குறைவாக இழுப்பதுதான் சரியான வரிசை. சுற்றினால் போதும் என்று அவசரப்படாதீர்கள்: சில தவறான வரிசைகளிலும் மோட்டார் சுற்றும், ஆனால் பல மடங்கு கரன்ட் இழுத்துக் கன்ட்ரோலரை எரித்துவிடும். சரியான வரிசையில் பின்னோக்கிச் சுற்றினால் இரண்டு ஹால் வயர்களை இடம் மாற்றி, ஃபேஸ் வரிசையை மறுபடி தேட வேண்டும்.

சென்சாரை மாற்ற மோட்டாரைப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காந்தம் மூடியைப் பிடித்து இழுக்கும் வேகத்தில் விரல் நசுங்கிவிடும். புல்லர் இல்லாமல் முயல வேண்டாம், மோட்டார் ரீவைண்டிங் செய்பவரிடம் போங்கள்.

## அறிகுறி: மேட்டில் ஏறும்போது கட் ஆகிறது, சாவியை அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது

நின்றிருக்கும்போது அளந்த வோல்ட்டேஜ் இங்கே உதவாது. சுமையில்தான் அளக்க வேண்டும். பல 48 வோல்ட் கன்ட்ரோலர்கள் 42 வோல்ட் அருகே தாமாகவே நிறுத்திக்கொள்ளும்.

மீட்டரை ஹேண்டிலில் தெரியும்படி கட்டி, மேட்டில் ஏற்றிப் பாருங்கள். வோல்ட்டேஜ் படிப்படியாக இறங்கி 42ஐத் தொட்டு நின்றால் பேக் காலி, அல்லது வயதாகிவிட்டது, அல்லது நடுவில் ஒரு கனெக்டர் வோல்ட்டேஜைத் தின்கிறது. 48, 49இல் இருக்கும்போதே சட்டென்று பூஜ்யமானால் பிஎம்எஸ் வெட்டுகிறது: கரன்ட் அளவு மீறியது, அல்லது ஒரே ஒரு பலவீனமான செல்லின் வோல்ட்டேஜ் அதலபாதாளத்துக்கு இறங்கியது. புளூடூத் உள்ள பிஎம்எஸ் என்றால் ஓடும்போதே செல் வோல்ட்டேஜ்களைப் பாருங்கள். மற்றவை 3.1இல் நிற்க ஒன்று மட்டும் 2.5க்குப் பாய்ந்தால் அந்தச் செல்தான்.

கனெக்டரைச் சோதிப்பது எளிது. ஓட்டி வந்ததும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதுதான் குற்றவாளி. 40 ஆம்பியர் ஓடும் இடத்தில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் 16 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் அளவு. பிளாஸ்டிக் உருகத் தொடங்கிய கனெக்டரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த வேண்டாம், வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் கன்ட்ரோலரின் உச்சக் கரன்ட்டைப் பிஎம்எஸ்ஸின் அளவுக்குக் கீழே குறைத்து வையுங்கள். மேட்டில் மீதி பலத்தை இன்ஜின் தரட்டும், அதற்குத்தானே ஹைபிரிட்.

## அறிகுறி: இன்ஜின் ஓடும்போது மட்டும் மோட்டார் வெட்டி வெட்டி இழுக்கிறது

தனியாக ஓட்டினால் மோட்டார் வெண்ணெய்போல் ஓடும். இன்ஜினை முடுக்கினால் திக்கும், டிஸ்பிளேயில் எண்கள் துள்ளும். ஸ்பார்க் பிளக்கின் மின் இரைச்சல் த்ராட்டில், ஹால் வயர்களில் ஏறுகிறது. மூன்றாவது ஓட்டத்தில் மட்டும் தெரியும் பழுதுக்கு இதுதான் சரியான எடுத்துக்காட்டு.

பிளக் எண்ணுக்குள் ஆர் எழுத்து இருந்தால் பெரும்பாலும் ரெசிஸ்டர் உள்ள பிளக். இல்லை என்றால் உங்கள் இன்ஜினுக்கு ஏற்ற ரெசிஸ்டர் வகையை மாட்டுங்கள். பிளக் கேப்பை அளந்து பாருங்கள், பல கேப்களில் 5 கிலோ ஓம் வரும். பூஜ்யம் காட்டினால் ரெசிஸ்டர் உள்ள கேப்பாக மாற்றுங்கள். இந்த இரண்டிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் ஹால், த்ராட்டில் வயர்களை இக்னிஷன் காயிலிலிருந்து எதிர்ப்பக்கமாக, ஷீல்டு உள்ள கேபிளில் கொண்டுபோங்கள். ஷீல்டைக் கன்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கன்ட்ரோலரை மாற்றும் யோசனை இதற்கெல்லாம் பிறகுதான்.

## அறிகுறி: இன்ஜினில் வேகமாகப் போகும்போது முன்சக்கரம் பின்னுக்கு இழுக்கிறது, டிஸ்பிளே அணைகிறது, அல்லது கன்ட்ரோலர் வெடிக்கிறது

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். வெறும் மின்சார வண்டி கட்டுபவர்களுக்கு இந்தப் பழுது அநேகமாக வராது, அதனால் அவர்களிடம் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. ஹைபிரிடில் இதுதான் கன்ட்ரோலர்களை அதிகம் தின்கிறது. நானும் இரண்டு கன்ட்ரோலர்களை இப்படி இழந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மோட்டார் தன் சொந்த வேக எல்லையைத் தாண்டிச் சுற்றினால் அது ஜெனரேட்டர். த்ராட்டிலைத் தொடாவிட்டாலும், கன்ட்ரோலரில் சாவியே போடாவிட்டாலும், அதனுள் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்சுகளின் வழியாக மின்சாரம் பேட்டரிக்குள் தானாகவே பாயும். எப்போது பாயும் என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

முன்சக்கரத்தைத் தூக்கி, கன்ட்ரோலரில் ஃபீல்டு வீக்கனிங் (மோட்டாரை அதன் இயல்பு எல்லைக்கு மேல் சுற்றவைக்கும் வசதி) வைத்திருந்தால் அணைத்துவிட்டு, முழு த்ராட்டிலில் சக்கரத்தின் வேகத்தையும் பேக் வோல்ட்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். 51 வோல்ட்டில் 60 கிலோமீட்டர் வேகம் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 0.85 வோல்ட். அப்படியானால் இன்ஜின் உங்களை 80இல் கொண்டுபோகும்போது மோட்டார் 68 வோல்ட் உண்டாக்கும். பேக்கின் மேல் எல்லை 58.4. பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை அது மின்சாரத்தை வாங்கிக்கொண்டு வோல்ட்டேஜைப் பிடித்து வைக்கும், நீங்கள் அதை இழுப்பாக உணர்வீர்கள். பேக் நிரம்பி பிஎம்எஸ் வெட்டிவிட்டால் பிடித்து வைக்க யாரும் இல்லை. 63 வோல்ட் கெப்பாசிட்டர் போட்ட கன்ட்ரோலருக்குள் 68 வோல்ட்டும் போகும்.

அதனால் ஒரு விதி: வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது மெயின் பிரேக்கரை அணைக்காதீர்கள். "மோட்டார் வேண்டாம், அணைத்துவிடுவோம்" என்று கை போவது இயல்பு. அணைத்தால் அதே வெடிப்புதான்.

சரிசெய்யும் வழிகள், செலவு ஏறும் வரிசையில்:

- இன்ஜின் வேகத்தை அந்த எல்லைக்குக் கீழேயே வைத்து ஓட்டுவது. மேலே சொன்ன வண்டிக்கு அது 60. மேட்டுப்பகுதியிலிருந்து கிளம்புபவர்கள் பேக்கை முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுக் கிளம்புவதும் உதவும்.
- ஒருவழி கிளட்ச் உள்ள கியர் ஹப் மோட்டாராக மாற்றுவது. சக்கரம் முந்தினால் மோட்டார் சுற்றாது, இழுப்பும் இல்லை. ரீஜென் பிரேக்கிங் (பிரேக் பிடிக்கும்போது மோட்டார் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) கிடைக்காது, அவ்வளவுதான்.
- அதே வோல்ட்டேஜில் வேகமாகச் சுற்றும் வைண்டிங் உள்ள மோட்டார். எல்லை இன்ஜினின் உச்ச வேகத்துக்கு மேலே போய்விடும், தொடக்க இழுவை குறையும்.
- பேக்கையும் கன்ட்ரோலரையும் சேர்த்து உயர் வோல்ட்டேஜுக்கு மாற்றுவது.

கன்ட்ரோலர் ஏற்கெனவே வெடித்திருந்தால் மோட்டாரையும் சோதியுங்கள்: ஒவ்வொரு ஃபேஸ் வயருக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. பீப் சத்தம் வந்தால் புதுக் கன்ட்ரோலரை மாட்டாதீர்கள், அதுவும் போகும். ரீவைண்டிங்குக்குக் கொடுங்கள்.

## அறிகுறி: வண்டியைத் தள்ளினாலே முன்சக்கரம் கனக்கிறது

ஃபேஸ் வயர் மூன்றையும் கழற்றிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் கன்ட்ரோலரில் மாஸ்ஃபெட் ஷார்ட். மீட்டரில் ஃபேஸ் முனைகளுக்கும் பேட்டரி முனைகளுக்கும் இடையே அளந்தால் ஒன்று மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். கழற்றியும் கனமாக இருந்தால் பிரேக் பேட் அல்லது பேரிங். பேரிங்கில் கரகரப்பு கேட்கும். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டு இறுகினால் மோட்டாருக்குள் வயர் ஷார்ட்.

## அறிகுறி: 12 வோல்ட் பேட்டரி இறங்குகிறது, அல்லது கொதிக்கிறது

இந்த ஒரு பேட்டரிக்கு இரண்டு பேர் சார்ஜ் ஏற்றுகிறார்கள்: இன்ஜினின் ரெகுலேட்டரும் டிசி-டிசி கன்வெர்ட்டரும். தனித்தனியாக அளங்கள். இன்ஜினை அணைத்துச் சாவி போட்டால் 13.5 முதல் 13.8 வரை இருக்கலாம். கன்வெர்ட்டரைக் கழற்றி இன்ஜினை முடுக்கினால் 14 முதல் 14.5. இன்ஜின் மட்டும் ஓடும்போது 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். இரவில் பெரிய பேக் இறங்குகிறது என்றால் கன்வெர்ட்டர் சாவிக்குப் பின்னால் இல்லாமல் நேராக மாட்டியிருக்கும்.

பைக்கின் உடல் 12 வோல்ட்டின் எர்த். பெரிய பேக்கின் நெகட்டிவை அதோடு சேர்க்காதீர்கள், கன்வெர்ட்டரும் ஐசலேட்டட் (உள்வரும் பக்கமும் வெளிப்போகும் பக்கமும் மின்சாரத்தால் இணையாத) வகையாக இருக்கட்டும். பேக்கின் பாசிட்டிவிலிருந்து உடலுக்கும், நெகட்டிவிலிருந்து உடலுக்கும் அளங்கள். மீட்டர் சற்று ஏறி இறங்கிப் பூஜ்யத்தை நோக்கிப் போனால் நல்லது. ஒரு பக்கம் முழு வோல்ட்டேஜ் அசையாமல் நின்றால் மறுபக்க வயர் எங்கோ உடலில் உரசி வெட்டுப்பட்டிருக்கிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியை முதலில் பாருங்கள்.

## அறிகுறி: முன் ஃபோர்க்கில் "டக்" என்று சத்தம், ஆக்சில் நட் தளர்கிறது

இந்தச் சத்தம் கேட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

மோட்டார் சக்கரத்தை எவ்வளவு விசையோடு முன்னே திருகுகிறதோ, அதே விசையோடு ஆக்சிலைப் பின்னே திருகுகிறது. சாதாரண முன்சக்கர ஆக்சிலுக்கு அந்த வேலையே இல்லை, ஃபோர்க்கும் அதற்காகச் செய்ததல்ல. ரீஜென் போட்டால் விசை திசை மாறும். முன்னும் பின்னுமாக ஆடி ஆடி நட் தானே தளரும். ஆக்சில் ஒரு சுற்று சுற்றிவிட்டால் ஃபேஸ் வயரும் ஹால் வயரும் சேர்ந்து அறுந்து ஷார்ட் ஆகி, ஓடும் சக்கரம் இறுகும்.

முதலில் ரீஜெனை அணையுங்கள். டார்க் ஆர்ம் (ஆக்சில் சுற்றிவிடாமல் பிடித்து வைக்கும் தகடு) ஆக்சிலின் தட்டைப் பகுதியை இடைவெளியில்லாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள்; விரல் நகம் நுழையும் இடைவெளி இருந்தாலும் அதை மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் எஃகு டார்க் ஆர்ம் வேண்டும், மறுமுனை ஃபோர்க் காலின் உறுதியான இடத்தில் போல்ட்டால் பிடித்திருக்க வேண்டும். ஹோஸ் கிளாம்ப் போதாது. ஆக்சிலின் தட்டை முகம் உருண்டிருந்தால் அந்த ஆக்சில் முடிந்தது.

ஃபோர்க்கின் அடிப்பகுதி பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. அதில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வீட்டில் வெல்டிங் வைக்க வேண்டாம். ஃபோர்க் காலையே மாற்றி, டார்க் ஆர்மை லேத் பட்டறையில் ஆக்சிலுக்குச் சரியாக வெட்டி வாங்குங்கள். மாட்டி இறுக்கிய பிறகு நட், டார்க் ஆர்ம், ஃபோர்க் மூன்றின் மேலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும் முன்பும் குனிந்து பாருங்கள்.